துருப்பிடித்த பைப்புக்குப் பதிலாக

பிரேக் பைப்பை நான் கடையில் கொடுத்து வெட்டுவதில்லை. பாளையங்கோட்டையில் என் வீட்டு ஷெட்டிலேயே வெட்டி, பிசிறு எடுத்து, அச்சில் இறுக்கி அதன் வாயை விரிப்பேன். இயற்பியல் வாத்தியாராக இருந்தவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

என் தங்கை ரீபாவின் கணவன் ஹெப்ரான் தன் பழைய ஜீப்பைக் கொண்டுவந்தான். பைப் துருப்பிடித்துக் கசிந்தது. "நீங்க பாத்தா போதும் மச்சான், வேற மெக்கானிக் எதுக்கு?" என்றான்.

அவனை எல்லோரும் நல்லவன் என்பார்கள். அவன் ரீபாவை அடித்தான். அவள் மணிக்கட்டில் ஒரு தழும்பைப் பார்த்துக் கேட்டேன்.

"என்னண்ணே பேசுதிய? இஸ்திரிப்பெட்டி சுட்டுட்டு. அவிய என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல" என்று சிரித்தாள்.

அடி வாங்குகிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அப்பா இறந்தபின் பதினாறு வருடம் அவளை வளர்த்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகு, ஆராதனை முடிந்து என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மே மாதம் கோயம்புத்தூருக்கே குடிபோவதாகச் சொன்னாள். அவளாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

இரண்டு பைப் செய்தேன். ஒன்று குறையில்லாதது. மற்றதன் வாயில் மெல்லிய விரிசல் விட்டேன். ஊருக்குள் அது தாங்கும், மலையிறக்கத்தில் தாங்காது. சனிக்கிழமை பாபநாசம் மலைக்குப் போவதாக ஹெப்ரான் சொல்லியிருந்தான். மத்தியானம் முழுவதும் யோசித்துவிட்டு விரிசல் உள்ளதை மாட்டினேன். அவன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். கையைக் கழுவிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ரீபா போன் செய்தாள். "அண்ணே, நானும் அவியகூட கெளம்புதேன். அங்கன அருவியில குளிச்சிட்டு வாறோம்." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். என்னோடு இருந்த காலத்தில் அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

"பைய போங்க" என்றேன்.

மலையிறங்கும்போது மூன்றாவது வளைவில் ஜீப் பள்ளத்தில் விழுந்தது. இருவரையும் நான்தான் அடையாளம் காட்டினேன்.

நேற்று ஸ்டேஷனில் எல்லாவற்றையும் நான் சொன்னபின் இன்ஸ்பெக்டர் ஆவுடைநாயகம் கேட்டார்: "தங்கச்சி போன் பண்ணிச்சே, அப்பமாவது தடுத்திருக்கலாமே வே?"

தடுத்திருக்கலாம். அவள் அவனை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன்.

மாஜிஸ்திரேட் ஐயா, என் வாக்குமூலக் காகிதத்தில் இரண்டு கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள். ஹெப்ரானைக் கொன்றது நான். ரீபாவை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.