அத்தானின் கோட்டு

கோட்டுக் காலரில் காப்பி சிந்தினால் அன்றைக்கே வெளுக்கப் போட்டுவிட வேண்டும்; ஊறிவிட்டால் கறை போகாது. நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், நான் செய்தது அவ்வளவுதான்.

அத்தான் பங்குத் தரகர். தரகர் கூடத்தில் அவருடைய நாற்காலியில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு எப்போதும் தொங்கும். மற்ற தரகர்கள் விலைப்பலகையைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பார்கள். கோட்டு தொங்கினால் அத்தான் எதையும் விற்கவில்லை என்று பொருள்.

நான் பத்திரிகையில் சந்தைக் கணிப்பு எழுதுபவன். பங்கு விலைக் குமிழி இதோ வெடிக்கப் போகிறது என்று வருடக்கணக்கில் எழுதினேன். விலைகள் என்னைச் சட்டை செய்யாமல் ஏறின. அலுவலகத்தில் எனக்கு ‘நாளைக்கு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தேன். அன்று வெடிக்காவிட்டால் என் பத்தியின் இடத்தில் குறுக்கெழுத்துப் புதிர் வரும் என்றார் ஆசிரியர், மென்மையாக.

அக்காவிடமும் சொன்னேன். அவளும் அத்தானும் வீட்டை அடகு வைத்துப் பங்கு வாங்கியிருந்தார்கள்.

“தெனமும் கத்துற தவளைக்கு என்னிக்காவது மழை வரத்தான் செய்யும், மாப்ளே,” என்றார் அத்தான்.

“உன் பேச்சை நம்பி நான் கொடியில கெடக்குற துணியக்கூட எடுக்க மாட்டேன்டா,” என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை மதியமும் விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. கூடத்துக்குப் போனேன். அத்தான் கை கழுவப் போயிருந்தார். காலரில் கறை. கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.

“கோட்டு போயிடுச்சுய்யா,” என்றது பின்னால் ஒரு குரல்.

நான் படியிறங்குவதற்குள் எல்லாத் தொலைபேசிகளும் ‘வித்துடு, வித்துடு’ என்று அலறத் தொடங்கின. அத்தான் ஈரக் கையோடு ஓடி வந்து, “நான் இங்கதான்யா இருக்கேன்,” என்றாராம். கோட்டில்லாத மனிதரை யார் நம்புவார்கள்? அடுத்த நாற்காலிக்காரர் ஜன்னல் வழியாகப் போனார். முதல் மாடிதான், கால்கள் மட்டும் போயின.

அக்காவின் வீடும் போயிற்று. இப்போது எல்லோரும் என் முன்னறையில் இருக்கிறார்கள். “யாரு எடுத்திருப்பா, மாப்ளே?” என்று அத்தான் சுவரைப் பார்த்துக் கேட்பார். “விடுங்க அத்தான், போனது போகட்டும்,” என்பேன். கோட்டு என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. கறை சுத்தமாகப் போய்விட்டது.

வெடிக்க வேண்டியது வெடித்தது. நான் நாளை மட்டும்தான் சொன்னேன். அக்காவுக்கும் இப்போது என் வாக்கில் நம்பிக்கை வந்துவிட்டது. “இன்னிக்கு மழை வருமாடா?” என்று கேட்டுவிட்டுத்தான் துணி காயப்போடுகிறாள். காலையில், வரும் என்று சொன்னேன். வெயிலைப் பார்த்துவிட்டு, அதற்குள் காய்ந்துவிடும் என்று கீழே கொடியில் போட்டுவிட்டாள்.

வானம் பளிச்சென்று இருக்கிறது. கொடிக்கு நேர் மேலே, மொட்டைமாடியில் வாளியை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.