நேரான ரோட்டுக்காக நாலு சுற்று

"வண்டி மேல தப்பில்ல. மலையச் சுத்தினதுதான் தப்பு."

வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் நான் போனைப் பையில் போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் அவருடைய ஆபீஸ்காரர் போலிருக்கிறது.

"அவ்ளோ பெரிய கார் வெச்சிக்கினு பஸ்ல வர்றீங்களேனுதான சார் கேட்டேன்?"

"அதத்தான் சொல்றேன். சஸ்பென்ஷன் வேலை பார்த்து எடுத்ததுல இருந்து மீட்டர்ல பிரேக் லைட்டு, வண்டி சறுக்குற மாதிரி படம் போட்ட லைட்டு, ரெண்டும் அணையவே இல்ல. ஸ்டியரிங்குக்கு நடு எதுனு வண்டிக்கு மறந்துபோச்சாம். நேரான ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டுங்க, தானா அணைஞ்சுடும்னு ஷெட்டுல சொன்னாங்க."

"ஓட்டினீங்களா?"

"ஓட்டாம? கிரிவலப் பாதையில ட்ராஃபிக் கம்மி, அப்படியே புண்ணியமும் வரும்னு மூணு சுத்து வந்தேன். அணையல. சாமிக்கு இன்னும் மனசு எறங்கலனு நாலாவது சுத்தும் போனேன். அடி அண்ணாமலைகிட்ட என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க, 'ஏங்க, காலைல இருந்து வலது பக்கமாவே திரும்பினு இருக்கோமே, நேரா எப்பங்க போவோம்?'"

"இப்ப வண்டி எங்க?"

"அவங்களே எடுத்துக்கினு வேலூர் ரோட்டுல போயிருக்காங்க. லைட்டு அணைஞ்சுடுச்சுனு இப்பதான் போன் வந்துச்சு."

பஸ் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றது. சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்த ஆபீஸ்காரரின் கையை முன் சீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"செக்‌ஷன்ல மட்டும் சொல்லிடாதீங்க சார். ஊர் நிலத்துக்கெல்லாம் நேர்கோடு போட்டுக் குடுக்குற சர்வேயர் நான்."