ஃபேபர் மலை ஏறும்போது கேட்ட சத்தம்

மழை பெய்து ஓய்ந்த காலையில் எந்தக் காரும் சற்று நன்றாகவே ஓடும். காற்றில் ஈரம் இருந்தால் இஞ்சினுக்குள் வெப்பம் கொஞ்சம் அடங்கும். வாடிக்கையாளர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். உங்கள் ஜீப்பைக் கவனித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, தெரியும்.

என் பெயர் மருதப்பன். ரோவல் ரோட்டுப் பின்சந்தில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அப்துல் அலீம் என்னிடம் வேலை பார்த்தான். கைத்திறனுக்காக அவனை வைத்துக்கொண்டேன் என்று சிராங்கூன் ரோட்டில் பேசிக்கொள்வார்கள். அதற்காக இல்லை. அவனுக்குப் பேசாமல் இருக்கத் தெரியும். மத்தியானம் அவன் மனைவி சாயிரா பானு கட்டிக்கொடுத்த சோற்றை இருவரும் பங்கிட்டுச் சாப்பிடுவோம். பிறகு பின்சந்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். ஒரு சொல் இருக்காது. அப்படி உட்கார எனக்கு வேறு ஆள் கிடையாது.

அறுபத்தாறாம் வருடம் ஈப்போவில் பட்டறை வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே ஒருவர், தம்முடைய பந்தயக் காரை எங்களிடம் கொண்டுவந்தார். அதில் டர்போ இருந்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சக்கரம் அது. பலம் கூடும், ஆபத்தும் கூடும். காரைச் சீராக்கி, அலீமே ஓட்டி, இங்கே நடக்கும் வேகப் போட்டியில் முதலாவதாக வந்தால் ஈப்போவில் தம் பட்டறையையே அவனிடம் விட்டுவிடுவதாகத் தவுக்கே சொன்னார். அலீம் சரியென்றான். வீட்டில் சாயிரா பானு பாத்திரங்களைத் தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். முந்தின வருடம் நம் ஊர் தனி நாடாகப் பிரிந்ததில், ஈப்போ அதற்குள் வேறு நாடாகியிருந்தது.

"நீங்களும் வாங்கண்ணே. அங்கேயும் உங்களுக்கு உக்கார ஒரு சந்து இருக்கும்லா" என்றான் சிரித்துக்கொண்டே. மரியாதைக்குச் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன்.

டர்போ காருக்கு முதல் எதிரி நாக்கிங். பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் தானாக வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். நின்ற இடத்தில் அது தெரியாது. இஞ்சின் சுமை இழுக்க வேண்டும். அதற்காக ஃபேபர் மலையில் ஏற்றுவோம். அலீம் ஓட்டுவான். நான் பக்கத்தில் இருப்பேன். இஞ்சினில் ஒரு செம்புக் குழாயை முடுக்கி, அதன் மறுமுனையை ரப்பர் குழாயில் செருகி என் காதில் வைத்துக்கொள்வேன். நாக்கிங் கேட்டால் அவன் தொடையில் தட்ட வேண்டும். உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பான். டர்போ போடும் இரைச்சலில் ஓட்டுகிறவனால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. குழாய் வைத்திருப்பவன் சொல்வதே முடிவு. எங்கள் பட்டறை வழக்கம் அது.

பாதி மேட்டில் கேட்டது. கண்ணாடிக் கோலிகளைத் தகரத்தில் உருட்டிய மாதிரி, தெளிவாக.

நான் தட்டவில்லை.

உச்சிக்குப் போய் நிறுத்தியதும் அலீம் கேட்டான். "அண்ணே, என்னமோ உருளுற மாதிரி இருந்துச்சே. தீப்பொறி டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிருவோமா?"

"அது வால்வு சத்தம். தள்ளினா பலம் போயிரும். பயப்படாம மிதி."

"நீங்க சொன்னா சரிண்ணே."

அன்று மாலை, அவன் தொழுகைக்குப் போனபின், பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவியதுபோல் அலுமினியத் துகள்கள். பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பிளக்கைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். இஞ்சின் உடையும். தவுக்கே திட்டிவிட்டுப் போய்விடுவார். அலீம் இங்கேயே இருப்பான். இதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. சாயிரா பானு பாத்திரங்களை மறுபடி அடுக்கில் வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

போட்டிக்கு முதல் நாள் காலை, வடமேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் சாலையில் கடைசியாக ஓட்டிப் பார்த்தோம். முழு வேகத்துக்கு இரண்டாவது ஆள் ஏற்ற மாட்டோம். ஒருவன் ஓட்ட, மற்றவன் சாலையோரம் நின்று காதால் கேட்பான். நான் வளைவில் நின்றேன். நேர்ச்சாலை இருக்க, வளைவில் ஏன் நின்றாய் என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அங்கே நிழல் இருந்தது.

அன்று மழை இல்லை. காற்று காய்ந்திருந்தது. கார் கண்ணில் படுவதற்கு முன்பே கோலிச் சத்தம் வந்துவிட்டது. கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் காலை எடுத்திருப்பான். நான் தூக்கவில்லை. பிஸ்டன் உடைந்து, இஞ்சின் பிளந்து, எண்ணெய் பின்டயர்களுக்கு அடியில் கொட்டியது. கார் வழுக்கி ஒரு ரப்பர் மரத்தில் போய் நின்றது.

அவனை வெளியே இழுத்துப் புல்லில் கிடத்தினேன். உயிர் இருந்தது. நினைவும் இருந்தது. "ஆளக் கூப்பிடுங்கண்ணே" என்றான். கூப்பிடு தூரத்தில் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய வாளிச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர்களில் ரத்தினம்மா என்ற பெண் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். நான் உட்கார்ந்திருந்தேன், கத்தவில்லை, ஓடவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்கிறாள். அவள் சொல்வது உண்மை. ஒரு சொல்லைக்கூட அவள் கூட்டிச் சொல்லவில்லை.

இன்னொரு முறையும் கூப்பிடச் சொன்னான். பிறகு பேசவில்லை. மரநிழலில் வெகுநேரம் இருந்தோம். எங்கள் மத்தியானங்களைப் போலத்தான் இருந்தது. நான் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. பிழைத்திருந்தால், கால் ஊன்றியதும் போயிருப்பான்.

நீங்கள் நினைப்பதுபோல் அவனுக்கு என்மேல் கோபம் இருந்திருக்காது, ஐயா. கடைசிவரை கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.