சாமல்பட்டி வந்தா எழுப்பி உடுங்க

மாலை நாலு மணி. ஆனால் மலைமேல் இருக்கிற கரடியூரில் அதற்குள் இருட்டு கட்டிவிட்டது.

பனி அப்படி. ஏற்காட்டுக்குப் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை. சில்வர் ஓக் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்... சொட்... சொட்... அந்தச் சாலையில் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வருகிறாள். தோளில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. பிள்ளையின் கால்கள் துவண்டுபோய், அவள் நடக்க நடக்க அவள் தொடையில் இடிக்கின்றன.

அவள் பெயர் மரியபுஷ்பம். என் கூட்டாளி தேவசிகாமணி இருக்கிறானே, அவனுடைய அத்தை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அத்தை அவனிடம் சொல்லி, அவன் என்னிடம் சொன்னது இது. சொல்லும்போது அவன் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

புஷ்பத்துக்கு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை. புருஷன் லாசர், மிளகு பறிக்க ஓக் மரத்தில் ஏறியவன், ஏணி சரிந்து விழுந்து அங்கேயே செத்துப்போனான். அதற்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது அமலி ஒருத்திதான். இப்போது அந்த அமலிக்குக் காய்ச்சல். நெற்றியில் கை வைத்தால் சுடுகிற தோசைக்கல். சேலத்தில் இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. என்ன காய்ச்சல் என்றே பிடிபடவில்லை. பஸ் குலுங்கினால் பிள்ளைக்கு வலிப்பு வந்து, கண் மேலே செருகிவிடுகிறது.

"வேலூருக்குக் கொண்டு போயிருங்கக்கா" என்றாள் எஸ்டேட் நர்ஸ் சாந்தாமேரி. "சேலத்துக்கு எறங்கற வரைக்கும் எப்படியோ மடியிலயே புடிச்சுக்கங்க. அதுக்கு மேல பஸ்ஸு வேண்டாம். புதுசா கரண்டு ரயிலு உட்டுருக்காங்க, குலுங்கவே குலுங்காது. ஜோலார்பேட்டையில எறங்கி வேற வண்டி மாறிக்கலாம்... இன்னைக்கே போங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க."

நாளைக்கு என்று வைக்காதே. அந்த ஒரு சொல்தான் புஷ்பத்தை அந்தச் சாலையில் துரத்தியது.

அவள் அதுவரை ரயில் ஏறியதில்லை. காட்சிமுனையில் நின்று பார்த்தால் கீழே மரவட்டை மாதிரி ஊர்ந்து போகும். அவ்வளவுதான் ரயில் அவளுக்கு. சேலம் ஜங்ஷனில் அந்த வண்டி கிட்டே வந்தபோது அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். புகை இல்லை. கூவல் இல்லை. ஒரு பெரிய பூனை வந்து நிற்பதுபோல நின்றது. பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே கறுப்பாக ஒரு சந்து. பிள்ளையோடு அதைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது.

"புள்ளைய இப்படிக் குடுங்கக்கா. நீங்க கம்பியப் புடிச்சு ஏறுங்க."

இருபத்தைந்து வயதிருக்கும். சேகர் என்று பெயர் சொன்னான். ஜவ்வரிசி பேக்டரியில் வேலை; சட்டையெல்லாம் புளித்த கிழங்குமாவு வாடை. அமலியை வாங்கி ஜன்னலோரம் படுக்க வைத்தவன், தன் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தான்.

உள்ளே எல்லாம் புதுசு. சில்லென்ற சீட்டு. வெள்ளை வெளிச்சம். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்து ஓடியது. டிங்-டாங் என்று ஒரு மணி, அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் குரல், அடுத்து வரும் ஊரின் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் சொன்னது. யார் பேசுகிறார்கள் என்று புஷ்பம் திரும்பிப் பார்த்தாள்.

"ஆளு இல்லீங்கக்கா, மிஷினு" என்று சிரித்தான் சேகர். "எந்த ஊரு வருதுன்னு அதே சொல்லிப்போடும். நீங்க பயப்படாம உக்காருங்க." கொட்டாவி விட்டான். "நேத்துப் பகலு, ராத்திரி ரெண்டு ஷிப்ட்டும் பாத்துட்டேனுங்க. என்ற சம்சாரத்துக்குப் புள்ள பொறந்திருக்குது, மாமனார் ஊட்டுல. இன்னும் மொகங்கூடப் பாக்கல. அசந்துட்டன்னா ஊரு தாண்டிப் போயிருவேன்... சாமல்பட்டி வந்தா எழுப்பி உடுங்கக்கா."

"தூங்குங்க தம்பி. நான் எழுப்பறேன்" என்றாள் புஷ்பம்.

பையைக் காலடியில் வைத்தான். கண்ணை மூடினான். அடுத்த மூச்சே குறட்டை.

வண்டி கருப்பூர் தாண்டியது. வலது பக்கம் மலை கூடவே வந்தது. தான் பிறந்த மலையைப் புஷ்பம் ஓடுகிற ரயில் ஜன்னல் வழியாக அன்றைக்குத்தான் பார்த்தாள். கறுப்பாக, வானத்தை மறைக்கிற மாதிரி நின்றது. டேனிஷ்பேட்டையும் போனது. கூட்டம் இறங்கிவிட்டது. அந்தப் பெட்டியில் இவர்களைத் தவிர மிச்சம் இரண்டு பேர், அவர்களும் ஆளுக்கொரு மூலையில் தூங்கினார்கள். அமலியின் மூச்சு வேகவேகமாக இருந்தது... பிறகு மெதுவானது... பிறகு, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே காத்திருக்க வேண்டியதாயிற்று.

"மாதாவே... ஆஸ்பத்திரி போற வரைக்கும். அதுவரைக்கும் போதும்..."

டிங்-டாங்.

"அடுத்த நிலையம்... கரடியூர்."

புஷ்பம் நிமிர்ந்தாள். காதில் தப்பாக விழுந்திருக்கும். சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். க... ர... டி... யூ... ர்.

மலைக்கு ரயில் ஏது?

வண்டி நின்றது. ஒரு சத்தமில்லை. தலைக்கு மேல் சுற்றிய காற்றாடிகூட நின்றுவிட்டது. திறந்து கிடந்த கதவு வழியாகப் பனி தரையோடு தவழ்ந்து உள்ளே வந்தது. கூடவே ஒரு வாசம்... மழைக்கு மறுநாள் காப்பிப் பூ மொத்தமாகப் பூத்தால் வருமே, அந்த வாசம். காப்பி பூக்கிற மாதமே இல்லை அது.

அமலி எழுந்து உட்கார்ந்தாள்.

நாலு நாளாகத் தலையைத் தூக்காத பிள்ளை. காலைத் தொங்கப் போட்டு, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்:

"அம்மா, ஊரு வந்துருச்சு. எறங்கலாம் வா. அப்பா நிக்கறாரு."

கதவுக்கு வெளியே லாசர் நின்றான். கல்யாணச் சட்டை போட்டிருந்தான். அதைப் போட்டுத்தான் அவனைப் புதைத்தார்கள். அவனுக்குப் பின்னால் எஸ்டேட் லயன் வீடுகள், வரிசையாக, ஒரு விளக்கும் எரியாமல். அமலி கதவை நோக்கி நடந்தாள். புஷ்பம் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். பிள்ளைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, அம்மாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஒரு கால் வாசல் விளிம்பில்...

"புஷ்பம்... புள்ளைய உடு" என்றான் லாசர். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "ஒரு ஆளு எறங்கோணும். இல்லாட்டி வண்டி நவராது."

"நான் எறங்கறேன்! என்னையக் கூட்டிட்டுப் போ!"

"வா."

அவள் ஒரு காலை வெளியே நீட்டிவிட்டாள். சத்தியமாக நீட்டிவிட்டாள். பாதத்துக்கு அடியில் ஈரச் செம்மண் பட்டது. அப்போது கைக்குள் அமலியின் உடம்பு கொதித்தது. நான் போய்விட்டால்? இந்தப் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள்? யார் வண்டி மாற்றுவார்கள்? யார் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்துவார்கள்?

காலை உள்ளே இழுத்தாள்.

திரும்பினாள். சேகர் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

இந்த இடத்தில் தேவசிகாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டான். அப்புறம்தான் சொன்னான்... அத்தை ஒரு கையால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவன் தோளைத் தொட்டாளாம்.

"தம்பி... தம்பி... சாமல்பட்டி வந்துருச்சுங்க. எறங்குங்க."

அவன் அடித்துப் பிடித்து எழுந்தான். கண் சரியாகத் திறக்கவில்லை. "ஐயோ, நொம்ப நன்றிங்கக்கா... புள்ளையப் பாத்துக்கங்க..." என்று சொல்லிக்கொண்டே ஓடி இறங்கினான். பையை மறந்துவிட்டான்.

உடனே வண்டி நகர்ந்தது.

அவன் பனிக்குள் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே வண்டியோடு ஓடிவந்தான். "அக்கா... இது சாமல்பட்டி இல்லீங்களே... அக்கா, ஊரு மாறிப்போச்சுங்க..." கை நீட்டினான், அவளை ஏற்றிவிட்ட அதே கையை. புஷ்பம் தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். லாசர் அவளை ஒரு பார்வை பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. டிங்-டாங். "அடுத்த நிலையம்... லோக்கூர்."

அமலி மடியில் சரிந்து கிடந்தாள். நெற்றியில் வியர்வை. முத்து முத்தாக, குளிர்ந்த வியர்வை. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. புஷ்பம் அழவில்லை. அழுதால் யாருக்காக அழுகிறோம் என்று தெரிந்துவிடும் என்று பயந்தாள்.

பொம்மிடி போனது. மொரப்பூர் போனது. பிறகு நிஜமான சாமல்பட்டி வந்தது.

பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர், தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு, பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் ஜன்னலுக்கு நேரே நின்றார்.

"ஏனுங்கம்மா... இந்தப் பொட்டியில சேகருன்னு ஒரு பையன் வந்தானுங்களா? ஏறிட்டேன்னு போன் பண்ணுனான். என்ற மருமகனுங்க."

புஷ்பம் பையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"இல்லீங்க" என்றாள். "யாரும் வரலீங்க."

வேலூரில் டாக்டர்கள் அமலியைச் சோதித்துவிட்டு, காய்ச்சலே இல்லையே என்றார்கள். சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பும்போது புஷ்பம் ரயில் ஏறவில்லை. பஸ்ஸில்தான் வந்தாள். வழியெல்லாம் குலுங்கியது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலில் தலை வைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். ரயிலில் ஏறியதே அவளுக்கு ஞாபகமில்லை.

மழைக்காலம் பிறந்தது. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். லயனில் தூரத்துக் கோடி வீட்டு வாசலில் யாரோ பேசுகிற குரல் கேட்டது.

"ஏனுங்க... என்னைய எழுப்பி உட்ட அக்கா ஊடு எதுங்க?"

அந்த வீட்டுக்காரர்கள் பாட்டுக்குச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, அடுத்த வாசலில் அதே குரல். அதே மரியாதை.

"ஏனுங்க... அக்கா ஊடு எதுங்க?"

பனி இறங்குகிற நாளெல்லாம் அந்தக் குரல் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாசல் கிட்டே. புஷ்பம் சர்ச்சுச் சாமியாரைக் கூட்டிவந்து வீட்டை மந்திரிக்க வைத்தாள். வாசலில் சிலுவை அடித்தாள். கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டரிடம் அழுது, வேறு வீடு கேட்டாள். காலியில்லை என்று சொல்லிவிட்டார். கடைசியில் சாயங்காலமானால் கதவைத் தாழிட்டு, அடுப்பை அணைத்து, பிள்ளையோடு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துகொள்ளப் பழகினாள்.

ஒரு சாயங்காலம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அமலி பாயில் குப்புறப் படுத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் கேட்ட குரல் நின்றது. ஈரமண்ணில் காலடி... சளப்... சளப்... இவர்கள் வாசலுக்கு வந்து நின்றது.

"ஏனுங்க..."

புஷ்பம் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"...அக்கா ஊடு எதுங்க?"

அமலி பென்சிலை வைத்தாள். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இதே ஊடுதானுங்கண்ணா" என்றாள். "உள்ளார வாங்க. அம்மா இங்கதான் இருக்குது."

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை... அமலி மட்டும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய், பாயில் இன்னொரு ஆள் உட்கார இடம் விட்டாள்.