சர்க்கரை போடாத தண்ணி

அய்யய்யோ, கிளட்சை அப்படிப் படக்குனு விடாதீங்க டீச்சர்! வண்டி குதிக்குது, கூடவே என் பையும் குதிக்குது... சிரிக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. பள்ளிக்கூடத்துல நீங்க டீச்சர், இந்த வண்டியில நான்தான் வாத்தியார். ஆங், மெதுவா.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், எங்க வீட்டம்மா! சுகர்காரனுக்குச் சர்க்கரை போட்டுத் தண்ணி கலந்து குடுக்கிற பொம்பளையை எங்கயாவது பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். பாத்ததோட நிக்காம கட்டிக்கவும் செஞ்சேன்.

பையா? அதைப் பத்தி உங்ககிட்ட சொன்னதே இல்லையா? கியரை மாத்துங்க, சொல்றேன். போன வருஷம் பெருங்குடல் கெட்டுப்போச்சுன்னு எடுத்துட்டாங்க. சிறுகுடல் முனையை வயித்து வழியா வெளிய கொண்டுவந்து, அதுமேல ஒரு பையை ஒட்டிட்டாங்க. சாப்பிடுறது எல்லாம் கடைசியில அதுலதான் வந்து விழும். நான் தூங்கினாலும் அது வேலை பாக்கும். எங்க டிரைவிங் ஸ்கூல்ல அவ்வளவு பொறுப்பான ஆளு வேற யாரும் கிடையாது, என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

சுகர் டாக்டர் என்ன சொல்றாரு? கீரை சாப்பிடு, காயைத் தோலோட சாப்பிடு, வெள்ளைச் சோத்தைக் குறைங்கிறாரு. பையைப் பாக்குற நர்சம்மா? தோலை உரி, கீரை குடலை அடைச்சிரும், வெள்ளைச் சோறே சாப்பிடுங்கிறாங்க. நான் யாரு? ரெண்டு பேர் சொல்றதுலயும் நாக்குக்குப் பிடிச்சதை மட்டும் பொறுக்கிக்குவேன். சோத்துக்கு நர்சம்மா பேச்சு. கீரை வேணாம்னா அதுக்கும் நர்சம்மா பேச்சு. டாக்டரு பேச்சு எதுக்குன்னு இன்னும்... சிவப்பு, சிவப்பு! நிறுத்துங்க டீச்சர்!

ஸ்ஸ்ஸ்... அம்மாடி. இல்லல்ல, உங்களால இல்ல. கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. ஒண்ணு சொல்றேன், பதறாதீங்க. என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்ல? இன்னைக்கு அதை நம்பாதீங்க. கால் என் பேச்சைக் கேக்கமாட்டேங்குது.

பச்சை விழுந்திருச்சு, போங்க. ஏன் இப்படி நத்தை மாதிரி? தலை சுத்துறது எனக்கு, உங்களுக்கு இல்ல.

அந்தத் தண்ணி விஷயம் இருக்கே, அதுல மட்டும் அதிசயமா டாக்டரும் நர்சம்மாவும் ஒரே பேச்சு. பையில தண்ணியா நிறைய கொட்டினா, உப்பும் சர்க்கரையும் சொன்ன அளவுல கலந்து கொஞ்சங்கொஞ்சமாக் குடின்னாங்க. வீட்டம்மா கர்ம சிரத்தையா அளந்து கலந்து பாட்டில்ல ஊத்தி வைப்பா. நான்தான் பெரிய விஞ்ஞானியாச்சே! சர்க்கரையான்னு அதைச் சிங்க்ல கொட்டிட்டு, வெறும் தண்ணியில உப்போட, சுகர்காரங்க காபிக்குப் போடுற இனிப்பு மாத்திரையைப் போட்டுக் குடிச்சேன். இனிப்புக்கு இனிப்பு, சுகரும் ஏறாது. எப்படி என் மூளை!

பையில நிக்காமக் கொட்டுச்சு. குடிக்கக் குடிக்கக் கொட்டுச்சு. உனக்குத் தண்ணி கலக்கக்கூடத் தெரியலன்னு அவளைத் திட்டினேன் டீச்சர். பாவம், நர்சம்மா எழுதிக் குடுத்த அளவை அழுதுகிட்டே திரும்பத் திரும்பப் பாத்தா. நான் கொட்டினதை அவகிட்ட மறைச்சுட்டேன்.

இன்னைக்குக் காலையில நர்சம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். யோவ், அந்தச் சர்க்கரைதான்யா உப்பையும் தண்ணியையும் குடலுக்குள்ள கூட்டிட்டுப் போகும், அது இல்லாம நீ குடிச்சது எல்லாம் நேரா பைக்குத்தான் போகும், உடம்புல தண்ணி வத்திப்போச்சு, உடனே கிளம்பி வா, தனியா வராதன்னு கத்துறாங்க.

லெஃப்ட்ல திருப்புங்க. தெரியும், தெரியும், நாம வழக்கமாப் போற ரோடு இது இல்ல. ஆஸ்பத்திரி ரோடுதான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா தெருவே வேடிக்கை பாக்கும். வீட்டம்மாகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வான்னு சொல்றது? வாசல்ல நீங்க பாடத்துக்கு வந்து நின்னீங்க. கடவுளாப் பாத்து அனுப்பினாருன்னு ஏறி உக்காந்துட்டேன். நல்லாத்தான் ஓட்டுறீங்க, சத்தியமா.

இங்கதான், நிறுத்துங்க. கோணலா நின்னா நிக்கட்டும். டீச்சர்! எங்க ஓடுறீங்க? ஹேண்ட்பிரேக் போடலையே! கதவையும் தொறந்து போட்டுட்டு... வீல்சேரா? எனக்கு எதுக்கு வீல்சேரு? நான்... சரி, சரி, ஓடுங்க.

போயிட்டாங்க.

...ஹலோ? நான்தான். திட்டணும்னா அப்புறமாத் திட்டு, முதல்ல கேளு. நீ கலந்தது சரியாத்தான் இருந்துச்சு. அத்தனையையும் நான்தான் கொட்டிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கேன். வாம்மா... பயமா இருக்கு எனக்கு.