மூன்றாவது மாடிப் பின்கதவு

உங்கள் அறைக் கதவு சரியாகச் சாத்திக்கொள்வதில்லை, ஐயா. நேற்று என்னை அங்கே உட்காரவைத்திருந்த இரண்டு மணி நேரத்தில் பதினான்கு பேர் வந்துபோனார்கள். பதினான்கு முறையும் அது ஒரு விரற்கடை திறந்தே நின்றது. மேலே, கதவைத் தானாக இழுத்து மூடும் க்ளோசரில் ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடந்ததை என் கைப்பட எழுதித்தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இதற்காக மேசையைத் தட்டியிருக்க வேண்டியதில்லை.

என் தொழிலை உங்கள் ஆள் 'கதவுச் சாமான் வியாபாரம்' என்று குறித்துக்கொண்டார். நான் வியாபாரி இல்லை. அலுவலகம், மருத்துவமனை, கடை வளாகம் என்று பலர் புழங்கும் கட்டடங்களுக்கு எந்தக் கதவில் எந்தக் கீல், எந்தப் பூட்டு, எந்தக் கைப்பிடி என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பவன். என் விசிட்டிங் கார்டில் 'நுழைவு அனுபவ ஆலோசகர்' என்று இருக்கும். அது அச்சாகி வந்த அன்று என் மச்சினன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தான்.

"கொண்டி மாட்டுறவருன்னு போட்டிருந்தா நாலு பேருக்குப் புரிஞ்சிருக்குமே மச்சான்?"

என் மனைவியின் தம்பி. நான் தேர்ந்தெடுப்பதைத் திருப்புளி பிடித்து மாட்டுகிறவன். அந்தக் கைக்கு அவ்வளவு ரசனைதான் வரும், நான் கோபித்துக்கொள்வதில்லை. மூன்றாவது மாடிப் பின்கதவின் அவசரக் கம்பியைக் கழற்றி ஏழு பேர் சாவுக்குக் காரணமானவன் என்று, பத்தொன்பது நாளாக உங்கள் காவலில் இருக்கிறான். நான் இன்று எழுதுவது அவனை வெளியே கொண்டுவருவதற்காகத்தான் என்று என் மனைவி நம்புகிறாள். உங்கள் வாசலில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

அவசரக் கம்பி என்பது கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் போகும் நீளமான சட்டம். தீப்பிடித்து ஓடிவருகிறவர் கைவைத்துத் திருகக்கூட வேண்டாம். மேலே போய் விழுந்தாலே, பூட்டியிருந்தாலும் கதவு வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். உபயோகமான பொருள்தான், மறுக்கவில்லை. கழுத்து வலிக்குப் போடும் பட்டையும் உபயோகமானதுதான். அதற்காகக் கல்யாண போட்டோவில் யாரும் அதை மாட்டிக்கொண்டு நிற்பதில்லை.

பொதுக் கட்டடம் எதுவானாலும் அது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சட்டம் ஒரு கட்டடத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது, அதுவும் முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு. ஆகவே நாங்கள் ஒரு நடைமுறை வைத்திருந்தோம். என்னிடம் மொத்தம் நான்கு கம்பிகள், ஒரு நீளக் கான்வாஸ் பையில். பரிசோதனை நாளன்று காலையில் மச்சினன் அவற்றை மாட்டுவான். பரிசோதகர் வந்து ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மாலையில் நான்கும் திரும்பப் பைக்குள். அடுத்த மாதம் அடுத்த கட்டடம். அந்த நான்கு கம்பிகள் இந்த ஊரில் இருபத்திரண்டு கட்டடங்களைப் பாதுகாத்தன.

"எங்க போனாலும் ஒரே தரமா போடுறீங்க சார். அதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது" என்றார் ஒரு பரிசோதகர். நான் நன்றி சொன்னேன்.

இருபத்துமூன்றாவது, கண்ணாடி முதலாளியின் கட்டடம். தூண் முதல் லிப்ட் வரை எங்கே திரும்பினாலும் தன் முகம் தெரிய வேண்டும் என்று கட்டியதால் அவருக்கு அந்தப் பெயர். மூன்றாவது மாடியில், போனில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்லும் அலுவலகம் ஒன்று வாடகைக்கு இருந்தது. நூற்றைம்பது பேர். முதலாளிக்கு அவர்கள்மேல் ஒரே ஒரு குறை.

"பின்படி வழியா டீக்குன்னு போறவன் அங்கயே உக்காந்து கதை பேசுறான். வர்றதும் போறதும் என் கண்ணு முன்னாடி, முன்வாசல்லதான் நடக்கணும். இனி உங்க சாமர்த்தியம்."

மூன்று வாரம் நாற்பது மாதிரிகளைக் கையில் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் தேர்ந்தெடுத்தது ஓர் உருண்டைக் கைப்பிடி. முழுப் பித்தளை, மங்கிய மெருகு, வயதானவர் கையிலும் சின்னப் பெண் கையிலும் ஒரேபோல் பொருந்தும். கூடவே, உள்ளேயிருந்தும் சாவி, வெளியேயிருந்தும் சாவி கேட்கும் பூட்டு. சாவி முதல் மாடி வரவேற்பு மேசையின் இழுப்பறையில். அந்தக் கதவை முதலாளி இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். கைப்பிடியில் அவர் முகம் தெரியவில்லை என்பது மட்டும்தான் அவருக்கு வருத்தம்.

பரிசோதனை வழக்கம்போல் நடந்தது. அன்று மாலை மச்சினன் பட்டறைக்கு வந்து பையைக் கீழே வைத்தான். உள்ளே மூன்று கம்பிகள்தான் இருந்தன.

"மூணாவது மாடில மட்டும் கழட்டல மச்சான்."

"ஏன், திருப்புளி தொலைஞ்சுபோச்சா?"

"விளையாடாதீங்க. நூத்தம்பது பேரு உக்காந்திருக்காங்க."

"மத்த கட்டடத்துல எல்லாம் பொம்மையா உக்காந்திருந்துச்சு?"

"அங்க கழட்டினது என் புத்தி கெட்டதனம். இன்னிக்கு நான் மாட்டிட்டு இருக்கேன், ஒரு பொண்ணு வந்து கம்பியைத் தள்ளிப் பாக்குது. 'அண்ணா, இனிமே பயமில்ல'ங்குது. அதைக் கேட்டுட்டு, சாயங்காலம் போயி அவ கண்ணு முன்னாடி கழட்டச் சொல்றீங்களா?"

நான் சரி என்றேன். குடும்பத்துக்குள் வாக்குவாதம் நல்லதல்ல. முதலாளி பதிவேட்டைப் பார்ப்பாரே என்பதற்காக, நான்கும் கழற்றியாயிற்று என்று எழுதிக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னேன். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று போட்டான். நீங்கள் அவனுக்கு எதிராக வைத்திருக்கும் காகிதம் அதுதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு கட்டடக்கலைப் பத்திரிகையிலிருந்து எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தின் கதவுகளை மட்டும் எட்டுப் பக்கத்துக்குப் போட விருப்பமாம். கட்டடங்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், ஐயா. கதவைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதுகிறவர் எத்தனை பேர்? புகைப்படக்காரர் மறுநாள் காலையில் வருவதாக இருந்தது. மூன்றாவது மாடியில் போய்ப் பார்த்தேன். என் கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, சிவப்புச் சாயம் பூசிய அந்தக் கம்பி.

நானே கழற்றினேன். எட்டுத் திருகு, இருபது நிமிடம். அந்தப் பெண்ணோ வேறொருத்தியோ, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வாங்கிக் குடித்தேன். கம்பியை வழக்கமாக வைக்கிற பையில், வழக்கமாக வைக்கிற பட்டறையில் வைத்தேன். உங்கள் ஆட்கள் அதை அங்கிருந்து எடுத்ததை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறார்கள்.

படம் எடுத்ததும் திரும்ப மாட்டிவிடத்தான் இருந்தேன். ஆனால் படத்தைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. நீங்களும் ஒருமுறை பாருங்கள், ஏழாம் பக்கம்.

பத்திரிகை வெளிவந்த ஒன்பதாம் நாள் முற்பகலில் முதல் மாடி மின்பலகையில் தீப்பிடித்தது. எங்கள் பட்டறை அடுத்த தெருவில். நானும் மச்சினனும் ஓடிப்போனபோது பெரும்பாலோர் முன்படியில் இறங்கிவிட்டார்கள்; அதற்குள் படி முழுக்கப் புகை. மூன்றாவது மாடி ஜன்னலில் ஏழு பேர் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணி வண்டி வந்து, ஏணி அவர்களை நோக்கி நிமிரத் தொடங்கியது. மச்சினன் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டான்.

"ஜன்னல்ல நிக்காதீங்க! பின்கதவுக்கு ஓடுங்க! தள்ளுங்கம்மா, தானா தெறந்துக்கும்!"

ஏணிக்காரர்களிடமும் ஓடிப்போய்ச் சொன்னான். "மூணாவது மாடிக்குப் பின்பக்கம் வழி இருக்குங்க. கம்பி இருக்கு, நான் மாட்டினது. நீங்க நாலாவது மாடியப் பாருங்க."

ஜன்னல் காலியாயிற்று. ஏணி நான்காவது மாடிக்குத் திரும்பியது.

நான் அவனிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். சொல்ல நேரம் இருந்ததா என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். இருந்தது. ஏணி திரும்பவே நான்கு நிமிடம் பிடித்தது. ஆனால் என் இடப்பக்கம் முதலாளி நின்றார். அவருக்குப் பக்கத்தில் அந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு என்னைத் தேடிவந்த புது வாடிக்கையாளர் இருவர். முதல் சந்திப்பிலேயே நடுத்தெருவில் ஒரு கம்பியைப் பற்றி விளக்கம் கொடுப்பது தொழிலுக்கு அழகில்லை. தவிர, மச்சினன் அவ்வளவு நம்பிக்கையோடு பேசிக்கொண்டிருந்தான். ஒருவர் பேசும்போது குறுக்கிட்டு எனக்குப் பழக்கமில்லை. சாவியையாவது எடுத்திருக்கலாமே என்பீர்கள். சாவி வரவேற்பு மேசையில் இருந்தது. மேசை அப்போது இல்லை.

கழற்றியது தானில்லை என்று மச்சினன் முதல் நாள் உங்களிடம் சொன்னான். ஏழு பேரும் எந்த இடத்தில் கிடந்தார்கள் என்று தெரிந்த பிறகு அதையும் விட்டுவிட்டான். "நான்தான் அனுப்பினேன், நான்தான் கொன்னேன்" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு பேச்சில்லை. ஒப்புக்கொண்டான் என்று நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அவனைப் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்த்தான்.

"நீங்களா மச்சான்?"

தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் என் மனைவியும் அதே கேள்வியைக் கேட்டாள். அவளையும் தைரியமாக இருக்கச் சொன்னேன்.

இத்தனை நாள் இல்லாமல் நேற்று மட்டும் ஏன் வந்தேன் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. விசாரணை அறிக்கையின் நகல் எனக்குக் கிடைத்தது. முப்பத்தோராம் பக்கம். 'தரமற்ற பூட்டும் கைப்பிடியும் செயலிழந்ததால் கதவு திறக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். கதவைப் பிடித்துக்கூடப் பார்க்காத ஒருவர் இப்படி எழுதலாமா? உங்கள் கேமராப் பதிவே சாட்சி: ஏழு பேர், பதினோரு நிமிடம், நடுவில் ஓர் இரும்பு நாற்காலியால் இடி. என் பூட்டு நூலளவு அசையவில்லை. அதன் வேலையை அது முழுதாகச் செய்தது.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். கம்பியைக் கழற்றியது நான், மச்சினன் அல்ல. அது அங்கே இல்லை என்று தெரிந்தும், அவன் அந்த ஏழு பேரை அங்கே அனுப்பியபோது வாய் திறக்காமல் நின்றதும் நான். முப்பத்தோராம் பக்கத்தில் அந்த வரியைத் திருத்தி எடுத்துவாருங்கள், இதன் கீழே உடனே கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை மச்சினன் உள்ளேயே இருக்கட்டும். நியாயத்துக்காகக் காத்திருக்க எங்கள் குடும்பத்தில் யாரும் சலித்துக்கொள்வதில்லை.