நாகமலைத் தீபத்தை ஏற்றிய கை

மதுரையில் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாக, யுவ வருஷம் தை மாதம், 1936-ஆம் ஆண்டு ஜனவரியில், சாட்சி தாமாகவே ஆஜராகிப் பிரமாணம் செய்து சொல்ல, கோர்ட்டுக் குமாஸ்தா எழுதிக்கொண்டது.

என் பெயர் ராஜாராம். தகப்பனார் பெயர் வெங்கடசுப்பிரமணியன். வயது நாற்பத்தாறு. ஜாதி சௌராஷ்டிரர். தொழில் நூலுக்கும் சேலைக்கும் சாயம் போடுவது. குடியிருப்பு மதுரை டவுன், நாயக்கர் மகாலுக்குத் தெற்கே உள்ள சந்தில் சொந்த வீடு, பின்கட்டிலேயே சாயப்பட்டறை. எங்கள் தெருவில் இப்போது என்னை எட்டுமலை ராஜாராம் என்று அழைக்கிறார்கள்.

சென்ற கார்த்திகை மாதக் கடைசியில் என் வீட்டுக்கு விசாரணைக்கு வந்த ஏட்டு அவர்களிடம் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய். இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் வாயில் வராது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வழக்கில் கூண்டில் நிற்கும் நல்லகாமனை எனக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகத் தெரியும். நாகமலை அடிவாரத்துக் கிராமத்துக்காரன். என் பட்டறைக்கு விறகும் கடுக்காயும் கொண்டுவந்து போடுகிறவன். எங்கள் ஜாதியாரை அய்யர் என்று அழைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அவன் ஊர் குற்றப் பரம்பரை என்று ரேகைச் சட்டத்தில் வைக்கப்பட்ட ஊர். அந்த ஊர் ஆண்பிள்ளைகள் பெருவிரல் ரேகை கொடுத்துப் பெயர் பதிந்துகொண்டு, தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் சாவடியில் ஆஜர் சொல்லி, இரவு அங்கேயே படுக்க வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எனக்கும் என் மனைவி ரங்கநாயகிக்கும் முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, இந்தக் குழந்தை நிலைத்தால் இங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற மலையெல்லாம் ஏறிக் கார்த்திகைத் தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். நானாக இருந்தால் ஒரு மலையோடு நிறுத்தியிருப்பேன். ஏறப்போகிறவனைக் கேட்காமல் வேண்டிக்கொண்டது அவள். அதன் பிறகு தெருக்காரர்கள் எங்கள் மாடிக்கு வந்து, எது மலை எது வெறும் பாறை என்று சண்டை போட்டு, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மட்டும் வடக்கே தெரிகிற சிறுமலையையும் விடக்கூடாது என்று சேர்த்து, மொத்தம் எட்டு என்று முடிவு செய்தார்கள். வருஷத்துக்கு ஒரு மலை. எட்டும் முடிந்த பிறகுதான் பிள்ளைக்குக் காது குத்துவது. பெண் பிறந்தாள், லலிதாம்பாள் என்று பெயர் வைத்தோம். ஏழு வயது தாண்டியும் மூளிக் காதோடு திரிந்த பெண் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான்.

இந்த வேண்டுதலுக்கு எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எண்ணெய்ச் சட்டியையும் திரியையும் வேண்டியவர்கள் வீட்டு மனிதரே சுமந்து ஏறி, தன் கையால் ஏற்ற வேண்டும். கை மாறினால் அந்த விளக்கு ஏற்றினவன் பேருக்குப் போய்விடும். வழிகாட்ட ஆள் வரலாம், சட்டியைத் தொடக்கூடாது. பசுமலையில் ஆரம்பித்து, யானைமலை, அழகர்மலை, சிறுமலை என்று ஏழு மலையும் நான் அப்படியே ஏறினேன். யானைமலை வழுக்குப் பாறையில் வேட்டி கிழிந்து கோவணத்தோடு நின்று ஏற்றினேன், ஆனால் நானே ஏற்றினேன். ஒவ்வொரு கார்த்திகைக்கும் தெரு முழுக்க மாடியில் நின்று, இருட்டும் நேரத்தில் என் விளக்கு தெரிகிறதா என்று பார்க்கும். அந்த ஏழு விளக்கைப் பற்றி நான் சொல்வதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

எட்டாவது நாகமலை. சென்ற கார்த்திகைத் தீபத்தன்று காலையில் காளை என்கிற என் வண்டிக்காரனுடன் வண்டியில் போய், அடிவாரத்தில் அவனை நிறுத்திவிட்டு, நானும் நல்லகாமனும் ஏறினோம். விளக்கை இருட்டும் நேரத்தில் நான் ஏற்றிக்கொள்வது, நல்லகாமன் எனக்கு உச்சியைக் காட்டிவிட்டு, பொழுது இருக்கும்போதே தனியாக இறங்கிச் சாவடிக்குப் போய்விடுவது என்பது பேச்சு. அதனால் அவன் சீட்டு வாங்கவில்லை. அதன் பிறகு முக்கால் மலை ஏறியிருக்கும்போது பாறைக் கல் ஒன்று என் காலடியில் புரண்டு நான் விழுந்தேன். சட்டியை மட்டும் மார்போடு பிடித்துக்கொண்டதால் எண்ணெய் சிந்தவில்லை. முழங்கால் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அது பானை மாதிரி வீங்கி, நிற்கவும் முடியவில்லை. நல்லகாமன் ஏதோ தழையைக் கசக்கிக் கட்டினான். நான் உட்கார்ந்தபடியே பின்புறமாக நகர்ந்து நகர்ந்து ஏறப் பார்த்தேன். அதில் பொழுது போய்விட்டது.

அதன் பிறகு நல்லகாமன் சொன்னது: “அய்யரே, பொழுது சாஞ்சிருச்சு. இனிமே ஆகாது. வாங்க, முதுகுல தூக்கிட்டுப் போறேன். மலை எங்கயும் போயிறாது, அடுத்த வருசம் வருவோம்.”

நான் கேட்கவில்லை. மாடியில் தெருவே நிற்கும் என்று எனக்குத் தெரியும். மார்கழி பிறப்பதற்குள் காது குத்து வைத்து, ஊரெல்லாம் வெற்றிலை பாக்கு கொடுத்து அழைத்தாகிவிட்டது. இதில் என் பெண்ணைப் பற்றிய கவலை பாதி, எட்டையும் முடித்தவன் என்று பெயர் வாங்கும் ஆசை பாதி. சத்தியத்தின் மேல் சொல்வதானால் ஆசை பாதிக்கு மேலேயே இருந்தது. அதன் பிறகு நான் சட்டியை அவனிடம் நீட்டி, நீ போய் ஏற்றிவிட்டு வா என்றேன்.

அவன் வாங்கவில்லை. “ஏத்துனவன் பேருக்குத்தான் போகும்னு நீங்கதான சொன்னிக? புள்ள காரியம் அய்யரே. எனக்கு எதுக்கு இந்தப் பாவம்?” என்றான். நான் அழுதேன். அவன் காலைத் தொடப் போனேன். அதன் பிறகு வாங்கிக்கொண்டான். வாங்கும்போது, “ஆசருக்கு ஆளக் காணோம்னா என்னையக் கொன்னுபுடுவாக. யாரு கேட்டாலும் நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்” என்றான். சொல்கிறேன் என்று என் பெண் மேல் ஆணையிட்டேன். நானும் ஒன்று கேட்டேன். ஏற்றியது நீ என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே என்றேன். சரி என்றான்.

அதன் பிறகு அவன் ஏறிப்போனான். நான் இருந்த இடத்திலிருந்து உச்சி தெரியாது. எட்டாவது தீபத்தை மதுரையே பார்த்தது, நான் பார்க்கவில்லை. பாறைக்கு மேல் ஆகாயம் கொஞ்சம் சிவந்தது மட்டும் தெரிந்தது. கீழே கிராமங்களில் ஜனங்கள் கூவுகிற சத்தம் கேட்டது. அந்தச் சிவப்பு அடங்கிய பிறகே அவன் இறங்கி வந்து என்னை முதுகில் சுமந்து, பௌர்ணமி நிலவில் அடிவாரம் வரை கொண்டுவந்து வண்டியில் கிடத்தினான். வழியில் அவன் வலது கையைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தான். காற்று அடித்துக் கற்பூரம் கையில் கொட்டிவிட்டதாகச் சொன்னான். பெருவிரலும் பக்கத்து விரலும் கொப்புளித்திருந்தன. வண்டி கிளம்பியபோது சாவடிப் பக்கம் ஓடினான். வண்டிக்காரன் காளையிடம், நீ எதையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவன் என் சொல்லைத் தட்டாதவன். அவனை விசாரித்துக்கொள்ளலாம், அவன் வாயை மூடியது நான்தான், அவன் மேல் தவறு இல்லை.

வீட்டில் மாலையும் ஆரத்தியும் காத்திருந்தன. நொண்டிக் காலோடு நான் வந்ததைப் பார்த்து இன்னும் அதிகமாகக் கொண்டாடினார்கள். அன்றைக்குத்தான் அந்த எட்டுமலைப் பட்டப்பெயர் வந்தது. நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தது மட்டுமல்ல, உச்சியில் காற்று எப்படி அடித்தது என்று கேட்டவர்களுக்குக் கதையும் சொன்னேன்.

அதன் பிறகு அதே வாரத்தில் காது குத்து நடந்தது. பந்தியில் இலை போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தபோது ஏட்டு அவர்கள் வந்து, தீபத்தன்று மாலை விளாங்குடியில் ஒரு வியாபாரி வீட்டில் பெட்டியை உடைத்து நகை திருடு போனதாகவும், நல்லகாமன் ஆஜருக்கு வராததால் பிடித்து வைத்திருப்பதாகவும், உங்களோடு மலையில் இருந்ததாக அவன் சொல்கிறான், உண்மையா என்றும் கேட்டார். மாமன் மச்சான்மார், பங்காளிகள், தெருக்காரர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், அப்படியானால் விளக்கு ஏற்றும்போது அவன் எங்கே இருந்தான், நீர் எங்கே இருந்தீர் என்று அடுத்த கேள்வி வரும். நான், அவன் மத்தியானமே பாதி வழியில் இறங்கிப் போய்விட்டான், உச்சிக்கு நான் தனியாகத்தான் போனேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு பாயசம் பரிமாறினார்கள். நானும் சாப்பிட்டேன்.

அதற்குப் பின் ஒருநாள் அவன் மனைவி ஒச்சாயி பட்டறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. “அய்யரே, என் வீட்டு ஆளு உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. ரேகை எடுக்கையில பெருவெரலு புண்ணா இருந்துச்சாம், எப்படிச் சுட்டுச்சுன்னு கேட்டு அடிச்சிருக்காக. சோறு பொங்கயில சுட்டுச்சுன்னு சொல்லிருக்காரு. என் வீட்டுல அவரு என்னைக்குச் சோறு பொங்குனாரு?” என்றாள். நான் சாயத் தொட்டிக்குள் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். அன்று அந்தத் தொட்டி நூல் முழுக்கத் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறிக் கெட்டுப்போயிற்று.

அதன் பிறகு சென்ற வாரம் இந்த வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது நான் சர்க்கார் தரப்புச் சாட்சியாக வந்து, கூப்பிடும் வரை வராந்தாவில் ஜன்னலோரம் இருந்தேன். நகை பறிகொடுத்த வியாபாரி சாட்சி சொன்னது காதில் விழுந்தது. நாகமலையில் தீபம் தெரிகிறது என்று சத்தம் கேட்டு வீட்டில் எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்ததாகவும், அது எரிந்து அடங்கும் வரை பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனபோது பெட்டி உடைந்து கிடந்ததாகவும், ஆகவே திருடு நடந்தது தீபம் எரிந்த நேரத்தில்தான் என்றும் அவர் சொன்னார். அப்போது கோர்ட்டார் அவர்கள் நல்லகாமனைப் பார்த்து, அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, “அய்யரு சொன்னதுதான் சாமி” என்றான்.

அதன் பிறகு வழக்கு ஒத்திப்போடப்பட்டது. என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய் அன்று சாயங்காலமே ரங்கநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெண்ணின் காதுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். இடது காது புண்ணாகிச் சீழ் கட்டியதால் கம்மலைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சி செருகியிருந்தது. இது என் பொய்க்கு வந்த தண்டனை என்றேன். அவள், இது ஆசாரியின் துருப்பிடித்த ஊசி, உங்களுக்கு வந்த தண்டனையைக் குழந்தை தலையில் கட்டாதீர்கள் என்றாள். அதன் பிறகு எங்கள் பாஷையில் அவள் சொன்னது தமிழில் இது: வேண்டிக்கொண்டது நான், பெயர் வாங்கியது நீங்கள், ஏற்றியவன் அவன், ஜெயிலில் இருப்பதும் அவனா?

ஆகவே நான் சொல்லிக்கொள்வது: அன்று மாலை நாகமலை உச்சியில் தீபம் ஏற்றியது நல்லகாமன். அது எரிந்த நேரம் முழுவதும் அவன் உச்சியில் இருந்தான். விளாங்குடியில் பெட்டியை உடைத்தவன் யாராக இருந்தாலும் அவன் நல்லகாமன் அல்ல. உச்சிக்கு ஆளை அனுப்பிப் பார்த்தால் என் பட்டறைச் சிவப்புத் துணித் திரியோடு சட்டி இருக்கும். நான் அந்த உச்சியை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஏட்டு அவர்களிடம் பொய் சொன்னதற்குக் கோர்ட்டார் என்ன விதித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. இது வழக்குக்குத் தேவையா என்று தெரியவில்லை, எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். முதுகில் சுமந்து வரும்போது நான் அவனிடம், மேலே என்ன சொல்லி ஏற்றினாய் என்று கேட்டேன். “உங்க மக பேரச் சொல்லித்தான் ஏத்துனேன். லலிதாம்பா, லலிதாம்பான்னு மறந்துறாம வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போனேன். விளக்கு எம் பேருக்கு வந்துறக் கூடாதுல்ல” என்றான்.

மேலே எழுதியதைக் குமாஸ்தா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. முதல் பாராவில் மட்டும் எட்டுமலை ராஜாராம் என்று இருப்பதை அடித்துவிடச் சொன்னேன். தெருவில் அழைப்பதைத்தானே எழுதியிருக்கிறோம், அதில் பிழை இல்லையே என்று குமாஸ்தா கேட்டார். பிழைதான், நான் ஏறியது ஏழு என்று சொன்னேன். அவர் அடித்தார். அடித்த இடத்தின் ஓரத்திலும் கீழேயும் நானே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) வெ. ராஜாராம்